விருந்து முடிந்த பிறகு ஒரு தேத்தண்ணி

பிள்ளைகளுக்கு,

என் இரண்டாவது மகள் இந்த வருடம் கொழும்பில் ஒரு தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருக்கிறாள். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் இன்னும் நாலு பேர். "வாப்பா, நீங்க இவ்வளவு காலம் செஞ்ச வேலைதானே, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்களன்" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்தவன். நட்பு நாடொன்றில் ஒன்பது வருடம் தொழிற்சாலை வேலை செய்து, கூட நின்றவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்தே அவர்களது பாஷையைப் பிடித்தவன். ஆகையால் இதில் எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்துவாள். நடந்ததில் இருந்த பிழை என்னுடையது. அதைத் திருத்தாமல் அப்படியே எழுதுகிறேன்.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். வேலையை விட்டு வரும்போது கையெழுத்து வாங்கித்தான் அனுப்பினார்கள். மேடைகளில் எல்லோரும் "நட்பு நாடு" என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நமது மீன் அங்கே போகிறது, துணி போகிறது, பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து இயந்திரங்களும் உதவித் திட்டங்களும் வருகின்றன. அந்தத் திட்டங்களுக்கென்று கல்முனையில் ஒரு சின்னக் கந்தோர், அலுவலகம், இருந்தது. அதில்தான் நான் மொழிபெயர்ப்பாளன்.

சேர்ந்த புதிதில் ஒரு துணி வியாபாரி அங்கிருந்து மருதமுனைக்கு வந்தார். கைத்தறி மேசைவிரிப்பு ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இதே நிறத்தில் ஒரு கப்பல் பெட்டி நிறையத் தருவாரா?" என்று கேட்டார். நெசவுக்காரர் தலையைச் சொறிந்தார். "நிறம் அச்சொட்டா வராது. பாப்பம்" என்றார். எனக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது. "கட்டாயம் தருவார்" என்று சொல்லிவிட்டேன். நிறம் வரவில்லை. வியாபாரியும் திரும்பி வரவில்லை. நெசவுக்காரர் கந்தோருக்கே வந்து, "நான் என்ன சொன்ன, நீ என்னத்தச் சொன்ன?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

அப்போது கொழும்பில் அந்த நாட்டுத் தூதரகத்தில் மூத்த மொழிபெயர்ப்பாளராக ஓர் அம்மா இருந்தார். பெயரை எழுதினால் கோபிப்பார். என்னைக் கூப்பிட்டு ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "ஒருவர் சொல்லாததை அவர் வாயில் போடாதே. சொன்னதை எடுக்காதே. உன் வேலை அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஒரு பிழையும் இல்லாமல் ஓட்டினேன். பதின்மூன்றாவது வருடம் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கல்முனைக்குடிக் கடற்கரையில் மீனவர்களுக்கு ஓர் ஐஸ் பெக்டரி கட்டித் தந்தார்கள், நட்பு நாட்டின் அன்பளிப்பு. திறப்பு விழாவுக்குத் தூதரகத்தின் பொருளாதாரப் பிரிவிலிருந்து ஒரு செயலாளர் வருவதாக இருந்தது. திங்கட்கிழமை விழா. மீனவர் சங்கத் தலைவர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஆதம்லெவ்வை காக்கா வீட்டில் பகல் சாப்பாடு. பிறகு ஒலுவில் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கொழும்புக்குத் திரும்புவது என்று ஏற்பாடு.

அந்த நேரத்தில் ஆதம்லெவ்வை காக்காவின் தம்பி சமீம் அதே நட்பு நாட்டில் ஒரு துறைமுகத்தில் அடைபட்டிருந்தான். அவனும் இன்னும் இரண்டு பேரும் ஆழ்கடலுக்குப் போன படகில் எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய் அந்த நாட்டுக் கடலுக்குள் விட்டுவிட்டது. பிடித்தவர்கள் எல்லை மீறி மீன் பிடித்ததாக வழக்குப் போட்டிருந்தார்கள். மூன்று கிழமையாக, மூன்று வாரமாக, ஒரு சேதியும் இல்லை. பிறகுதான் சமீமுக்கு ஒருதரம் வீட்டோடு கதைக்க விட்டிருக்கிறார்கள். மனைவி நஸீறாவிடம் அவன் சொன்னது இதுதான்: "வாற வியாழக்கிழமை கோட்டுக்குக் கொண்டு போறாங்க. நாங்க பழுதாகி வந்த ஆக்கள் எண்டு அவங்கட தூதரகம் ஒரு கடிதம் குடுத்தா விட்டிருவாங்களாம். இல்லாட்டி மறியல்தான், ஜெயில்தான்."

வீட்டார் மகஜர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது கந்தோர் கந்தோராகப் போய்க்கொண்டிருந்தது. நானும் எங்கள் பொறுப்பதிகாரியிடம் சொன்னேன். "அது வேறு பிரிவு. அதையும் இதையும் கலக்க வேண்டாம், விழா முடியட்டும்" என்றார். சரி, செயலாளர் நேரே வருகிறார்தானே, ஆதம்லெவ்வை காக்காவே சொல்லிவிடுவார் என்று இருந்துவிட்டேன். தம்பியின் விஷயத்தை அண்ணன் சொல்லாமல் விடுவாரா?

திங்கட்கிழமை விழா நன்றாக நடந்தது. பேச்சாளர்கள் ஒவ்வொருவரும் மேடையில் இருந்தவர்களைப் பெயர் பெயராக விளித்து முடிக்கவே லுஹர் நேரமாகிவிட்டது. அத்தனை பெயரையும் நான் மொழிபெயர்த்தேன். தொழுகை முடிந்து தலைவர் வீட்டுக்குப் போனோம். முன்வாசலில் சனம். நான் கை கழுவப் பின்பக்கம் போனபோது சமையல் நடக்கும் குசினித் திரைக்குப் பின்னாலிருந்து நஸீறா கூப்பிட்டாள்.

"காக்கா, இண்டைக்கு அவரிட்டச் சொல்லுவீங்கதானே?"

"தலைவர் சொல்லுவார் தங்கச்சி. அவர் சொன்னா நான் ஒண்டும் விடாமச் சொல்லுவன்."

"எங்கட மச்சான் சொல்லுவாரா?"

"அவர்ட தம்பிதானே. சொல்லாம?"

அவள் திரையை இழுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பாயில் சஹன் வைத்தார்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் உங்களில் இருப்பதால் சொல்கிறேன்: ஒரு பெரிய தட்டு நிறையச் சோறு, மேலே இறைச்சி, சுற்றிவர ஆறு பேர். எல்லோரும் ஒரே தட்டில் தம் தம் பக்கத்திலிருந்து சாப்பிடுவது. செயலாளர் கால் மடக்கத் தெரியாமல் ஒரு பக்கம் சரிந்து இருந்தார். கையால் சோற்றை எடுத்தால் பாதி பாயில் விழுந்தது. சங்கத்துப் பொருளாளர் ஒரு நக்கல்காரன், என் பக்கம் குனிந்தான். "காக்கா, பெக்டரி தந்த கைக்கு ஒரு பிடி சோறு தூக்க ஏலாமக் கிடக்கு" என்றான். "அதை மொழிபெயர்க்கவா?" என்றேன். "ஐயோ வேணாம்!" என்று கும்பிட்டான். ஆதம்லெவ்வை காக்கா தன் பக்கத்து நல்ல இறைச்சித் துண்டையெல்லாம் பிய்த்துப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

செயலாளர் நல்ல மனிதர். சாப்பிட்டுக்கொண்டே தானாகக் கேட்டார். "தலைவர் அவர்களே, எங்கள் நாட்டிடம் உங்களுக்கு ஏதாவது குறை இருக்கிறதா? ஏதாவது எதிர்பார்க்கிறீர்களா? தயங்காமல் சொல்லுங்கள், நான் இன்றே எழுதி அனுப்புவேன்."

நான் மொழிபெயர்த்தேன். பாயில் இருந்த எல்லோரும் ஆதம்லெவ்வை காக்காவைப் பார்த்தார்கள். அவர் சோற்றைப் பார்த்தார். கை அசையவில்லை. பிறகு இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்து விருந்தாளியின் பக்கம் வைத்தார்.

"குறை ஒண்டும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ். அவர் எங்கட வீட்டுக்கு வந்து ஒரு சஹன்ல இருந்ததே போதும் எண்டு சொல்லுங்க."

நமது ஊரில் பிறந்த எவருக்கும் அது விளங்கும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்திருக்கும் விருந்தாளியிடம் ஒரு தேவையைச் சொல்வது, போட்ட சோற்றுக்குக் கூலி கேட்பதுபோல. தம்பி மறியலில் இருந்தாலும் அந்த வாய் திறக்காது. எனக்கு அது விளங்கியது. செயலாளருக்கு விளங்க வழியில்லை. நான் என்ன செய்தேன்? அவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னேன். செயலாளருக்குச் சந்தோசம். இடது கையால் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு எழும்பி வான் வண்டியில் ஏறப்போகும் நேரம், பின் கடப்பு வாசலடியில் நஸீறா நின்றாள். முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா காக்கா?"

"தலைவர் சொல்லல்ல தங்கச்சி. அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்லுற?"

"அவர் கேட்டது எனக்குக் கேட்டிச்சு. குறை இருக்கா எண்டு வாய் திறந்து கேட்டாரே. ஒண்டும் இல்ல எண்டு சொன்னது நீங்கதானே?"

"அது உங்கட மச்சான்ட சொல். நான் அவர்ட வாய் மட்டும்தான்."

"நீங்க அவர்ட வாய் எண்டா என்ட வாய் எங்க காக்கா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "மூணு கிழமை ஒரு சேதியும் இல்லாமக் கிடந்த நேரம், வெள்ளை உடுத்தி விதவையா இத்தா இரு எண்டு ஊரே சொன்ன. நான் இருக்கல்ல. நான் அவரை மௌத்தாக்கல்ல. இப்ப அவர் ஹயாத்தோட, உசிரோட இருக்கிறார் எண்டு தெரிஞ்சும் நீங்க எல்லாரும் மரியாதைக்கு வாயப் பொத்திக்கொண்டு இருக்கிறயள்" என்றாள். அதற்குள் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டார்.

வான் வண்டியில் நான் முன்னால். செயலாளர் பின்னால் இருந்து கொப்பியில் எழுதினார். சாய்ந்தமருது தாண்டி, காரைதீவுச் சந்தி தாண்டியபோது என் தோளைத் தட்டி, எழுதியதை வாசித்துக் காட்டினார். "மீனவர் சமூகத்துக்கு எம் நாட்டுடன் தீர்க்கப்படாத விடயம் எதுவும் இல்லை. உறவு சிறப்பாக உள்ளது. தலைவரின் கூற்று சரியாகத்தானே வந்திருக்கிறது?"

"சரி சேர்" என்றேன்.

பிள்ளைகளே, என் பிழை இதுதான். சஹனில் சொன்னதை நான் பிழையென்று சொல்ல மாட்டேன். அங்கே நான் இன்னொருவரின் சொல்லைச் சொன்னேன். வானில் கேட்டது என்னிடம். அங்கே "சரி" என்றது என் வாய். அன்றைக்கு அவரிடம் மொழிபெயர்க்காமல் நானே சொன்ன ஒரேயொரு சொல், அதுவும் பொய். அந்தக் கொப்பியில் இருப்பது அன்றைக்கே அவர்களது தலைநகருக்குப் போகும். வியாழக்கிழமை யாராவது அந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்டால், "அவர்கள் ஊரிலேயே ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள்" என்று அந்த வரியைக் காட்டுவார்கள்.

நிந்தவூர் வரும்வரை யோசித்தேன். சமீமின் விஷயத்தை நானே சொல்லிவிடலாம். ஆனால் தன் வீட்டுச் சஹனில் இருந்து தலைவர் காத்த மரியாதையை நான் வழியில் வைத்து உடைத்ததாகிவிடும். செயலாளரும் "தலைவர் இல்லை என்றார், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறது என்கிறார்" என்று குழம்புவார். நாளைக்கு அவரிடம் விசாரித்தால், சங்கடத்தில் ஆதம்லெவ்வை காக்கா மறுபடியும் "ஒண்டும் இல்ல" என்றால் எல்லாம் முடிந்தது. மருதமுனை நெசவுக்காரரின் முகமும் ஞாபகம் வந்தது. அடுத்தவர் வாயில் சொல்லைப் போட்டு ஒருதரம் பட்டவன் நான்.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நமது ஆட்கள் வந்த விருந்தாளியிடம் கேட்க மாட்டார்கள். ஆனால் தாங்கள் விருந்தாளியாகப் போன இடத்தில் கேட்பார்கள். நானும் அப்படித்தான். என் வீட்டுக்கு மச்சான் வந்தால் கைமாற்றுக்கூடக் கேட்க மாட்டேன். அவன் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எதையும் கேட்பேன்.

ஒலுவிலில் வான் நின்றது. கடல் தின்ற கரையைப் பார்த்துக்கொண்டு நின்ற செயலாளரிடம் போனேன்.

"சேர், வானில் சரி என்று சொன்னேன். அது பிழை. தலைவர் சொன்ன சொல் நீங்கள் எழுதியதுதான். ஆனால் எழுதியதோடு விஷயம் முடியவில்லை."

"என்ன விஷயம்?"

"அதை நான் சொல்லக்கூடாது. அது அவருடையது. நீங்கள் புறப்பட முன் இங்கே நாம் இளைப்பாறும் துறைமுக விடுதிக்கு அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். இங்கே நீங்கள் வீட்டுக்காரர், அவர் விருந்தாளி. அவர் கேட்பார்."

அவர் முகம் மாறியது. "நான் நாலு மணிக்குப் புறப்பட வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்தான் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன். அவர் ஒன்றும் இல்லை என்றார். உங்கள் வேலை மொழிபெயர்ப்பது."

"ஓம் சேர். இதைச் சொல்வது மொழிபெயர்ப்பாளன் இல்லை, இந்த ஊர்க்காரன். பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒருதரமும் நான் கேட்டதில்லை. பிழை என்றால் நாளைக்கு என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுங்கள்."

அவர் கடலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். "இருபது நிமிடம்" என்றார்.

ஆதம்லெவ்வை காக்காவுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைக் கேட்டதும் பாய்ந்தார். "உனக்கென்ன விசரா தம்பி? சாப்பிட்ட மனிசன்ட கை காயல்ல. அதுக்குள்ள பின்னால ஓடிப்போய்க் கேக்கிறதா?"

"நீங்க ஓடி வரல்ல காக்கா. அவர் கூப்பிடுறார். இப்ப நீங்கதான் விருந்தாளி."

அவர் குரலைத் தணித்தார்.

"அவரா கூப்பிட்ட?"

"அவர்தான்."

"தேத்தண்ணிக்கா?"

"தேத்தண்ணிக்குத்தான். நஸீறாவையும் கூட்டிக்கொண்டு வாங்க."

முச்சக்கரவண்டியில் வந்தார்கள். ஆதம்லெவ்வை காக்கா சஹனில் இருந்த அதே வெள்ளைச் சாரத்தோடு, மேலே இன்னொரு சட்டை மாற்றி வந்தார். செயலாளர் எழும்பி வரவேற்று, தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். காக்கா அவசரப்படவில்லை. கடைசி மிடறு வரை குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இப்ப சொல்லு. எனக்கு ஒரு தேவை இரிக்கி எண்டு."

சொன்னார். படகு, எஞ்சின், நீரோட்டம், மூன்று பேர், வியாழக்கிழமை. தம்பி என்ற சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டார். நஸீறா தொடர்ந்தாள். "அவங்க மீன் பிடிக்கப் போகல்ல. எஞ்சின் நிண்டு பதினாறு நாள் மழைத்தண்ணி குடிச்ச ஆக்கள். உங்கட நாடு அவங்களைக் கடல்ல இருந்து தூக்கின. அதுக்கு நாங்க துஆ கேக்கிற. தூக்கின கையாலயே விட்டிரச் சொல்லுங்க." நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட ஒன்றும் இருக்கவில்லை.

செயலாளர் ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை. மூன்று பேரின் பெயரையும் படகின் இலக்கத்தையும் கேட்டு எழுதினார். போனை எடுத்து வெளியே போய் யாருடனோ வெகுநேரம் கதைத்தார். உள்ளே வந்து, பகல் எழுதிய பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாலு மணி எப்போதோ தாண்டிவிட்டது. சாரதி மட்டும் வாசலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

கடிதம் புதன்கிழமை போயிருக்கிறது. வியாழக்கிழமை வழக்கைத் தள்ளுபடி செய்து, அடுத்த கிழமை மூன்று பேரையும் அனுப்பிவிட்டார்கள். படகு வரவில்லை. அதற்கு இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: கடமை எல்லையை மீறியதற்கு எச்சரிக்கை. அதையும் நியாயம் என்றே நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளன் நினைத்தபோதெல்லாம் அப்படிச் செய்தால் ஒருவரும் நம்பிப் பேச முடியாது. அந்த அம்மாவின் சொல்லை நீங்கள் விடக்கூடாது. ஆனால் உங்களிடமே ஒருவர் "சரியா?" என்று கேட்டால், அந்த நேரம் நீங்கள் வேறு யாருடைய வாயும் இல்லை. அந்தப் பதிலுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இரண்டு நாடும் எவ்வளவு நட்பாக இருந்தாலும், ஒருவர் வீட்டு மரியாதை மற்றவருக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் நடுவில் இருக்கும் நீங்கள். சொல்லை மாற்றாதீர்கள். தேவைப்பட்டால் இடத்தை மாற்றிக் கொடுங்கள்.

இன்னுமொன்று. அடுத்த வருடம் அதே செயலாளர் ஐஸ் பெக்டரியைப் பார்வையிட வந்தார். அதே வீடு, அதே பாய். இம்முறை சமீமும் சஹனில் இருந்தான். செயலாளர் கால் மடக்கப் பழகியிருந்தார், சோறும் அவ்வளவாகச் சிந்தவில்லை. குறை இருக்கிறதா, தேவை இருக்கிறதா என்று ஒரு சொல் கேட்கவில்லை. இறைச்சியைச் சாப்பிட்டார், ருசி என்றார், சமீமின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். கை கழுவி முடித்த பிறகு என்னைப் பார்த்து, "நாளைக் காலை ஒலுவில் விடுதியில் எல்லோருக்கும் என்னுடைய தேத்தண்ணி. கட்டாயம் வரச் சொல்லுங்கள்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். முதலில் பொருளாளர் சிரித்தான், பிறகு பாயே சிரித்தது. குசினித் திரைக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புக் கேட்டது. ஆதம்லெவ்வை காக்கா தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"வாறம் எண்டு சொல்லு தம்பி. படகையும் சேத்து லிஸ்ட் கொஞ்சம் பெரிசு, ரெண்டு கோப்பை ஊத்தச் சொல்லு."

அதை நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.